எல்லையூர்ப் பட்டறைகளும் ஹெரால்டு எந்திரமும்

அரசர் வரலாறு ஏட்டில் இருக்கிறது. கோயில் வரலாறு கல்லில் இருக்கிறது. கைத்தொழிலாளர் வரலாறோ அவர்தம் கையோடு வந்து கையோடே மறைந்துபோகிறது. பெருநகரங்களுக்குப் பிழைக்க வந்த நாம் ஆண்டுதோறும் விழா எடுத்து, பிறந்த மண்ணின் புலவர்களையும் மன்னர்களையும் போற்றுகிறோம். அது தக்கதே. அம்மண்ணின் பெருவழியோரம் எண்ணெய்க் கறை படிந்த வேட்டியோடு எந்திரத்தைப் பிரித்துக் கோத்தவர்களையும் ஒருமுறை நினைப்பது நம் கடமையாகும்.

நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை எனத் தொடரும் சாலையில் வளர்ந்த மோட்டார்ப் பட்டறைத் தொழிலைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். பழைய எந்திரத்திற்குப் பெருநோய்கள் இரண்டு. ஒன்று, காலம் தவறுதல். பட்டறையில் அதனை 'டைமிங் போச்சு' என்பர். மற்றொன்று, எண்ணெய் கசிதல். அதனை 'சீல் போச்சு' என்பர். இவ்விரண்டையும் தீர்க்கும் அறிவு நம் ஊர்களுக்கு எவ்வாறு வந்தது, ஏன் அங்கே ஊன்றியது, இன்று ஏன் நழுவுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரயில் வராத 48 ஆண்டுகள்

இரயில்வேயில் எழுத்தராக இருப்பவன் ஆதலால் இரயிலிலிருந்தே தொடங்குகிறேன். 1904இல் கொல்லம் – செங்கோட்டை இருப்புப்பாதை திருவிதாங்கூருக்கு முதன்முதலாக இரயிலைக் கொண்டுவந்தது. 1918இல் அது திருவனந்தபுரத்தின் சாக்கை வரை நீண்டது. 1931இல் தம்பானூருக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே பாறசாலை, குழித்துறை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை திறக்கப்பட்டது 1979ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட 48 ஆண்டுகளும் தென்திருவிதாங்கூர் மக்களுக்குச் சக்கரம் என்றால் வண்டிச் சக்கரமும் மோட்டார்ச் சக்கரமுமே.

இரயில் உள்ள ஊரில் எந்திரம் பழுதுபட்டால் லோகோ ஷெட் பார்த்துக்கொள்ளும். சாலையை நம்பிய ஊரில் எந்திரம் பழுதுபட்டால் அடுத்த வளைவில் இருக்கும் பட்டறையே கதி. பாலராமபுரத்தில் தறி ஒலித்தது. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் காலத்தில் (1798–1810) தமிழ் நெசவாளர் குடியேற்றப்பட்ட ஊர் அது. அதே சாலையில், தறியொலி கேட்கும் தொலைவில், மெல்ல மெல்லச் சுத்தியலொலியும் எழுந்தது.

அரசாங்க பஸ்ஸும் கரிவாயுவும்

1938 பிப்ரவரி 20ஆம் நாள் சித்திரைத் திருநாள் மன்னர் திருவிதாங்கூர் அரசாங்கப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கிவைத்தார். இலண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணிபுரிந்த சால்ட்டர் என்பார் அதன் மேலாளர். இங்கிலாந்திலிருந்து காமர் நிறுவனத்துச் சட்டங்கள் கப்பலில் வந்தன. அவற்றில் பெர்க்கின்ஸ் டீசல் எந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. கூடு கட்டும் வேலை உள்ளூரிலேயே நடந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நம் சாலையே அப்பேருந்துகளின் முதற்பெருவழியாயிற்று. இன்றும் கேரளப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பணிமனை அதே சாலையில் பாப்பனங்கோட்டில் இருக்கிறது.

அடுத்து உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தது. தென்னாட்டு பஸ்கள் பின்புறம் கரியடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடின. கரிவாயு பெட்ரோலைப் போல விரைந்து எரியாது. ஆகவே தீப்பொறியைச் சற்று முன்னதாகவே விழச் செய்தல் வேண்டும். இல்லையேல் வண்டி மேடேறாது. எழுத்தறியாத ஓட்டுநரும் கிளீனரும்கூட எந்திரத்திற்குக் 'காலம்' என்று ஒன்று உண்டு, அது எரிபொருளுக்கேற்ப மாறும் என்பதைக் கைப்பழக்கத்தால் கற்றது அந்நாளில்தான். பஞ்சம் ஒரு பள்ளிக்கூடமாயிற்று.

போர் முடிந்த பின்னரும் புது வண்டி எளிதில் கிடைத்ததில்லை. 1953இல் இந்திய அரசு, இந்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்ய முன்வராத மோட்டார் நிறுவனங்கள் இங்கே தொழில் நடத்த இயலாது என்று முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. இருக்கும் வண்டியை இருபது முப்பது ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும் என்ற நிலை பிறந்தது. பழுதுபார்க்கும் கைக்கு மதிப்பு உயர்ந்தது.

சென்னையில் பிறந்த ஹெரால்டு

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1903இல் தோன்றியது ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். 1945இல் அது டிரயம்ப் நிறுவனத்தை வாங்கியது. 1953இல் ஸ்டாண்டர்டு எட்டு என்னும் சிறு காருக்காக 803 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நாலு சிலிண்டர் எந்திரம் ஒன்றை அது உருவாக்கிற்று. பிஸ்டன் ஓடும் நீளத்தை 76 மில்லிமீட்டராகவே நிறுத்தி, சிலிண்டரின் அகலத்தை மட்டும் கூட்டி, அதனை 948 ஆக்கினர். பின் 1147 ஆக்கினர். பின்னும் 1296 ஆக்கினர்.

948 கொள்ளளவு எந்திரத்தோடு 1959இல் ஹெரால்டு கார் பிறந்தது. அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து மிக்கலோட்டி. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்த் தொழிற்சாலையில் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் உருவாயிற்று. கல்கத்தாப் பக்கத்து உத்தரபாராவில் அம்பாசடர், பம்பாயில் பியட், சென்னையில் ஹெரால்டு: அக்கால இந்தியாவின் கார்கள் பெரும்பாலும் இம்மூன்றே. தமிழகத்தில் பிறந்த கார் என்ற பாசமும் ஹெரால்டுக்கு உண்டு.

அதே எந்திரத்தை 1147 ஆக்கி, அதே சட்டத்தைக் குறுக்கி, அதே மிக்கலோட்டி வரைந்த இரண்டு இருக்கைப் பந்தயக் காரே 1962இல் வெளிவந்த டிரயம்ப் ஸ்பிட்பயர். 1965இல் பிரான்சின் லெ மான் நகரத்து 24 மணி நேரப் பந்தயத்தில் தன் வகுப்பில் முதலாவதாக வந்த பெருமை அதற்கு உண்டு. பந்தயத்திற்கெனத் திருத்தப்பட்டதே எனினும், அதன் எந்திரக் குடும்பம் ஹெரால்டினுடையதே. எனவே ஹெரால்டைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த கைக்கு ஸ்பிட்பயர் அயலான் அன்று, உடன்பிறந்தானின் பிள்ளை. இதனை நான் நேரிற் கண்டேன்.

காலத்தைப் பிடித்த கை

பாறசாலையில் என் தாய்மாமன் ஒரு பட்டறை வைத்திருந்தார். ஊரார் அவரை மேஸ்திரி என்பர். எனக்கு மேஸ்திரி மாமன். 1996இல் நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு விடுமுறையில் அங்கே ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில், திருவனந்தபுரத்து அன்பர் ஒருவர் பழைய ஸ்பிட்பயர் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார். வேறோர் இடத்தில் செயின் மாற்றிய பிறகு வண்டி இழுக்கவில்லை. முன்னும் பின்னும் எண்ணெய் ஒழுகிற்று. 'இதற்கு மேல் சரியாகாது, இரும்புக்குப் போடலாம்' என்று இரண்டு இடங்களில் சொல்லிவிட்டார்களாம்.

அவ்வேலையை விளங்கிக்கொள்ள எந்திரத்தின் காலக் கணக்கைச் சிறிது அறிதல் வேண்டும். நாலு ஓட்ட எந்திரத்தில் பிஸ்டன் இருமுறை இறங்கி இருமுறை ஏறுவதற்குள் வாயு உள்ளே வரவேண்டும், அழுந்த வேண்டும், வெடிக்க வேண்டும், வெளியேற வேண்டும். கிராங்கு ஷாப்டு இரு சுற்றுச் சுற்றினால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்டு ஒரு சுற்றே சுற்ற வேண்டும். இவ்விரண்டையும் பிணைப்பது டைமிங் செயின். நீராவி எஞ்சினிலும் இந்தக் கணக்கு உண்டு. 1844இல் பெல்ஜிய நாட்டு வால்ஷெர்ட்ஸ் கண்ட வால்வு அமைப்பு, நீராவி எப்போது உருளைக்குள் நுழைய வேண்டும் என்பதைத்தான் ஆண்டது. பாதையில் வண்டி கால அட்டவணைக்குக் கட்டுப்படுவது போல எந்திரத்திற்குள் வால்வு செயினுக்குக் கட்டுப்படுகிறது.

ஹெரால்டு குடும்பத்து எந்திரத்தில் இரு பல்சக்கரங்களிலும் கோடு கீறியிருக்கும். முதற் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது இரு கோடுகளும் ஒன்றையொன்று பார்த்து நேர்க்கோட்டில் நின்றால் காலம் சரி. கேம் ஷாப்டின் பல்சக்கரத்தில் நான்கு துளைகள் உண்டு. அவை பற்களுக்கு நேராக இல்லாமல் சற்றே விலகியிருக்கும். சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பிப் பூட்டினால் அரைப் பல் அளவு காலம் மாறும். முன்பின்னாகப் புரட்டிப் பூட்டினால் கால் பல் அளவு மாறும். நுண்ணிய திருத்தத்திற்காக அமைத்த ஏற்பாடு இது. அறியாமல் கைவைத்தால் இதுவே பொறியாகிவிடும்.

மாமன் முன்மூடியைக் கழற்றிப் பார்த்தார். கேம் சக்கரம் புரட்டிப் பூட்டப்பட்டிருந்தது. கோடு உட்புறம் போய் மறைந்துவிட்டது. புதுச் செயின், பழைய குறி இல்லை. 'குறி இல்லாவிட்டால் என்ன மக்களே, வால்வு பொய் சொல்லுமா?' என்றார்.

செயினைக் கழற்றினார். முதல், நான்காம் பிஸ்டன்களை உச்சிக்குக் கொண்டுவந்தார். நான்காம் சிலிண்டருக்குரிய ஏழாம் எட்டாம் வால்வுகளின் இடைவெளியை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு அகற்றி வைத்தார். பிறகு கேம் ஷாப்டை மட்டும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஒரு வால்வு மூடி முடிக்க, மற்றொன்று திறக்கத் தொடங்கும் அந்தத் தராசு முனையில் இரண்டின் இடைவெளியும் பில்லர் கேஜுக்கு ஒன்றாக நின்றது. அங்கே நிறுத்தினார். இரு ஷாப்டும் அசையாதபடி செயின் எந்தத் துளையில், எந்தப் பக்கத்தில் ஏறுகிறதோ அதுவே உரிய இடம். சக்கரத்தைப் பூட்டியபின் புதுக் கோடு தாமே கீறினார். இறுதியில் ஒரு சிறு பல்பைக் கம்பியில் கோத்து, அது எரியும் கணத்தைப் பார்த்துத் தீப்பொறியின் காலத்தையும் 1–3–4–2 என்ற வரிசையையும் சரிசெய்தார். பின்னாளில் அந்நிறுவனத்துப் பட்டறைக் கையேட்டைப் பார்த்தபோது இம்முறை அப்படியே அச்சாகியிருக்கக் கண்டேன். மாமனுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த ஏட்டறிவு யாரோ ஒரு மேஸ்திரியின் வாய்வழி இறங்கி, பல கை மாறி, பாறசாலை வரை வந்திருக்கிறது.

கசிவை அடைத்த மரச்சிம்பு

எண்ணெய்க் கசிவுக்கு மாமன் முதலில் எந்தச் சீலையும் தொடவில்லை. 'முதலில் மூச்சுக்குழலைப் பாரு' என்றார். எந்திரத்தின் வயிற்றில் சேரும் காற்று வெளியேறும் குழல் அடைபட்டால், உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். குழலில் கரி அப்பியிருந்தது. பாதிக் கசிவு அதைத் துடைத்ததிலேயே நின்றது. நோயின் காரணத்தை நாடாமல் மருந்து கொடுப்பது பட்டறைக்கும் பொருந்தாது.

அடுத்து முன்மூடியின் ஆயில் சீல். இதன் வரலாறு சுவையானது. 1929இல் ஜெர்மனியின் வைன்ஹைம் நகரத்திலிருந்த பிராய்டன்பெர்க் என்னும் தோல் பதனிடும் நிறுவனம், சுழலும் தண்டுக்குத் தோலால் ஆன சீல் செய்து விற்றது. 1930களில் தோலின் இடத்தைச் செயற்கை ரப்பர் பிடித்தது. நம் நெய்யாற்றின்கரை, விளவங்கோடு மலையடிவாரமெல்லாம் ரப்பர்த் தோட்டம். காலையில் பால் வெட்டாத ஊர் குறைவு. எனினும் அந்தப் பாலில் செய்த ரப்பர் ஆயில் சீலுக்கு ஆகாது. கனிம எண்ணெயில் இயற்கை ரப்பர் ஊறிப் பருத்துவிடும். எண்ணெய்க்கு ஈடுகொடுக்கும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரே அதற்கு வேண்டும். பால் வெட்டுபவரின் மகன் பட்டறைக்குப் பழக வந்தால் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.

சீலின் உதடு பலகாலம் உரசி, புள்ளியின் கழுத்தில் பள்ளம் வெட்டியிருந்தது. புதுச் சீல் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் மீண்டும் ஒழுகும். மாமன் அதனை இம்மியளவு தள்ளி அடித்து, உதடு தேயாத இடத்தில் படியச் செய்தார்.

சம்பின் முன்புறத்தில் ஒரு சிறிய அலுமினியக் கட்டை உண்டு. அதன் இரு முனைச் சந்தையும் அடைப்பது மரச்சிம்பு! இங்கிலாந்துத் தொழிற்சாலையே அந்த இடத்தில் மரத்தைத்தான் வைத்தது. ஷெல்லாக் என்னும் அரக்குக் கரைசலைத் தடவி, சிம்பை இறுக்கி அடித்து, மேற்புறத்தைச் சமமாகச் சீவிவிட வேண்டும். பக்கத்துத் தச்சாசாரியிடம் தேக்குத் துண்டு வாங்கி மாமன் அதைச் செய்தார். பந்தயக் காரின் எண்ணெயைத் தடுத்தது நம்மூர்த் தேக்கு என்று எண்ணும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி உண்டாகிறது.

பின்புறக் கசிவே மிகக் கடினம். பழைய வகைகளில் அங்கே ரப்பர்ச் சீல் கிடையாது. அலுமினிய வளையத்தின் உட்புறம் திருகுப் புரி வெட்டியிருப்பர். ஷாப்டு சுழலச் சுழல, ஆர்க்கிமிடீஸ் திருகு நீரை ஏற்றுவது போல, அப்புரி எண்ணெயை உள்ளுக்கே திருப்பி அனுப்பும். வளையம் ஷாப்டைத் தொடவும் கூடாது, அகலவும் கூடாது. ஒருபக்கம் சாய்ந்தால் எண்ணெய் கிளட்சுத் தட்டில் இறங்கி, வண்டி முனகுமேயன்றி நகராது. மாமன் சுற்றெங்கும் பில்லர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்து, வளையத்தை நடுமையத்தில் நிறுத்திப் பூட்டினார். 'நின்ற வண்டி சொட்டுச் சொட்டாய் இரண்டு விட்டால் குற்றமில்லை. ஓடும் வண்டி விடக்கூடாது' என்பது அவர் உடையவரிடம் சொன்ன தீர்ப்பு.

பத்தாம் நாள் அந்தச் சிவப்பு வண்டி தன் காலிலேயே திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தது.

கோடு பிரிக்காத பேச்சு

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலூக்காக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்காக மார்ஷல் நேசமணியின் தலைமையில் நம் முன்னோர் பட்ட பாட்டையும், 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சிந்திய குருதியையும் நாம் மறவோம். நெய்யாற்றின்கரைத் தாலூக்கா கேரளத்தில் நின்றது. பாறசாலை கேரளத்தின் கடைசிப் பேரூர். களியக்காவிளை தமிழகத்தின் தலைவாசல்.

கோடு விழுந்தபின் வண்டிகளுக்கு இரண்டு சட்டங்கள், இரண்டு வரிகள், இரண்டு பதிவெண்கள். அமரவிளையில் சோதனைச் சாவடி நின்றது. இன்றும் பாறசாலை வண்டியின் எண் கே.எல். 19, நெய்யாற்றின்கரை வண்டிக்கு கே.எல். 20, மார்த்தாண்டத்து வண்டிக்கு டி.என். 75. பட்டறை மட்டும் பிரியவில்லை. பாறசாலைப் பட்டறையில் ஒருவர் மலையாளத்தில் நோய் சொல்வார். மற்றவர் தமிழில் மருந்து சொல்வார். சீல், பேக்கிங், செயின், புள்ளி, கிளட்சு என்ற சொற்கள் இரு மொழிக்கும் பொதுச்சொத்து. அங்கே தமிழில் வேலை கற்ற மலையாளப் பிள்ளைகளும் உண்டு. மலையாளத்தில் கற்ற தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. சிறுபான்மையாய் அங்கே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு மதிப்போடு நிற்க இடம் கொடுத்தது அந்தக் கைத்திறமே. என் மாமனைத் தேடி வந்தவர் எவரும் அவர் எந்த மொழிக்காரர் என்று கேட்டதில்லை. வண்டி எப்போது கிடைக்கும் என்றே கேட்டனர்.

இனி என்ன?

வண்டலூர்த் தொழிற்சாலை 1988இல் மூடப்பட்டது. ஹெரால்டின் உதிரி உறுப்புகள் அருகின. 1983இல் மாருதி வந்தபின் புதிய தலைமுறைக் கார்கள் சாலையை நிறைத்தன. இன்றைய எந்திரத்தில் தீப்பொறியின் காலத்தையும் எரிபொருளின் அளவையும் கணிப்பொறி நொடிக்கு நொடி தானே தீர்மானிக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகள் அத்தகைய கருவிகளை மேலும் கட்டாயமாக்கின. இது தேய்வன்று, வளர்ச்சியே. காற்று தூய்மையாவதை யார் வெறுப்பர்? ஆயினும் காதால் கேட்டு, விரலால் தொட்டு, எந்திரத்தின் காலத்தை அளந்த பட்டறைக்காரர்கள் இன்று முதியோராகிவிட்டனர். பழகவேண்டிய பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டனர். மாமனும் 2014இல் மறைந்தார். அவர் கீறிய குறியும் கோடும் அறிந்தவர் இப்போது பாறசாலையில் ஒருவரோ இருவரோதான்.

அந்த அறிவு வீண்போகும் அறிவன்று. பழைய கார்களைப் போற்றிக் காப்போர் இந்தியப் பெருநகரங்களெங்கும் பெருகிவருகின்றனர். அவர்கள் கையேட்டைக் கடல் கடந்தும் தருவிக்கின்றனர். கையேட்டைப் படித்தபின் செய்யும் கைதான் கிடைப்பதில்லை. உலோகம் கிடைக்கும், உறுப்பு கிடைக்கும், சீல்கூடப் புதிதாய் வார்த்துக்கொள்ளலாம். ஏழாம் எட்டாம் வால்வுகளின் தராசு முனையை உணரும் விரலை எங்கே வார்ப்பது?

ஆதலால் நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, உங்கள் உறவில் பழைய மேஸ்திரி எவரேனும் இருந்தால் அவர் அருகே ஒரு மாலைப்பொழுது அமருங்கள். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டுபோங்கள். எந்தக் கசிவுக்கு எது காரணம், எந்த ஒலிக்கு எது நோய், எந்தக் கருவிக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதிவாருங்கள். அவர் சொல்லும் சொல் எம்மொழியாயினும் அப்படியே எழுதுங்கள். அக்குறிப்புகளை அடுத்த ஆண்டு மலரில் ஒரு பகுதியாக வெளியிடச் சங்கம் முன்வரின், எழுதிப் படியெடுக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். எழுத்து வேலைதானே என் பிழைப்பு!

எந்திரத்தின் எண்ணெய் கசியாமல் காத்த கைகளுக்கு, அவர்தம் அறிவு கசிந்து மறையாமல் காப்பதே நாம் செலுத்தும் கைம்மாறு.